கேரவன் மானியமும் காற்றின் கணக்கும்

கெட்டுவள்ளத்தின் இரு முனைகளும் குவிந்திருப்பது அழகுக்காக அன்று. நீரின் தடையைக் குறைப்பதற்காக. அந்த வள்ளத்தைப் படகுவீடாக்கிப் பயணிகளை ஈர்த்த கேரளம், 2021இல் ‘கேரவன் கேரளா’ கொள்கையை அறிவித்தபின் சாலையில் இறக்கியது சக்கரம் பூட்டிய பெட்டியை. முதல் 100 வண்டிகளுக்கு ஏழரை லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 விழுக்காடு, அடுத்த 100க்கு அதனினும் குறைவு என மானியம் வரிசை எண்ணைப் பார்த்து வகுக்கப்பட்டது. எரிபொருளைப் பார்த்து அன்று.

‘நம் சாலைகளில் வேகமே இல்லை, வடிவம் எதற்கு?’ என்பார் உளர். கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஏழு டன் எடை, ஆறரை சதுர மீட்டர் முகப்பு, 0.6 தடைக் குணகம் கொண்ட வண்டிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்றுத்தடை ஏறத்தாழ 450 நியூட்டன்; சக்கரங்களின் உருளும் உராய்வு சுமார் 700. அதுவரை அவர்கள் வாதம் செல்லும். 80 கி.மீ. வேகத்திலோ காற்றுத்தடை 1,150ஐத் தொடுகிறது. உராய்வு பெரிதும் மாறுவதில்லை. தேசிய நெடுஞ்சாலை 66 ஆறு வழிச்சாலையாக விரிந்துவரும் காலத்தில் பழைய வேகத்தைச் சாக்காகக் காட்டுவது பொருந்தாது.

பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் வடிவம் உதவாது என்பதும் உண்மையே. அங்கே எடைதான் செலவு: ஒரு டன்னை 1,000 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய முக்கால் லிட்டர் டீசல் வேண்டும். ஆகவே பளிங்குத் தளமும் கனத்த மரவேலையும் குறையட்டும். முன் விளிம்புகள் வளையட்டும். பின்புறம் சில பாகை குவியட்டும். கூரையில் துருத்தும் ஏசி உள்ளே பதியட்டும். பின்புறம் குவிந்தால் உள்ளிடம் சற்றுக் குறையும். அது தாங்கத்தக்க இழப்பே.

‘சோதிக்கக் காற்றுச்சுரங்கம் எங்கே?’ என்பது அடுத்த சாக்கு. ஒலியின் நான்கு மடங்கு வேகம்வரை சோதிக்கும் காற்றுச்சுரங்கம் 2022இல் திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திலேயே இயங்கத் தொடங்கியது. அது ஏவூர்திக்கு உரியது; கேரவனுக்குத் தேவையில்லை. காற்றடங்கிய வேளையில், சமதளச் சாலையில் வண்டியை வேகமெடுக்கச் செய்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, வேகம் தணியும் விதத்தை அளந்தால் காற்றுத்தடையையும் உராய்வையும் பிரித்தறியலாம். பொறியியல் மாணவர்க்கும் எட்டக்கூடிய சோதனை இது.

எடை, தடைக் குணகம், கிலோமீட்டருக்கான டீசல்: பொதுப்பணம் கேட்கும் வண்டி இம்மூன்று எண்களையும் அளந்து காட்டட்டும். காட்ட விரும்பாதவர் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.