குழாயடியும் குடமும்

கம்ப்யூட்டர் பற்றிய பதிவு என்று பயந்து ஓடிவிடாதீர்கள். தெருக்குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

சி மொழியில் ப்ரோகிராம் எழுதிய காலத்தில், வாங்கிய மெமரியை நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும். 1998-ல் ஜாவாவுக்கு மாறினேன். அதில் வேண்டாததை ‘கார்பேஜ் கலெக்டர்’ தானே கூட்டிப் பெருக்கிவிடும். யோசனை பழசுதான்; 1959 வாக்கில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக உண்டாக்கியது. ஆனால் அன்றைய ஜாவாவில் புதிதாக மெமரி கேட்பதும், பெருக்குவதும் மெதுவாக நடக்கும். அதனால் பயன்படுத்தியதைத் தூக்கிப் போடாமல் ஒரு ‘பூல்’ அமைத்துச் சேர்த்து வைத்தேன். வேண்டும்போது அதிலிருந்து எடு, முடிந்ததும் திருப்பி வை. சிக்கனம் என்று பெருமை வேறு.

2005-ல் ஒரு வாடிக்கையாளருக்கு மாதக்கடைசி வேலை நாலு மணி நேரம் இழுத்தது. எட்டு சி.பி.யு. உள்ள பெரிய மெஷின் வாங்கச் சொன்னேன். வாங்கினார்கள். வேகம் கூடவில்லை.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன், “சார், பூலை எடுத்துட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா?” என்றான்.

“சேர்த்து வெச்சதை எதுக்குப்பா வீணாக்கணும்?” என்று வாயை அடைத்துவிட்டேன்.

அவன் சொல்ல வந்தது இதுதான். ஒரு ப்ரோகிராமில் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு ‘த்ரெட்’. எல்லோருக்கும் மெமரி ஒரே பொது இடத்திலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு டம்ளருக்கும் குழாயடிக்கு ஓடினால் வரிசை, தள்ளுமுள்ளு. அதனால் ஜாவா, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு குடம் நிரப்பிக் கொடுத்துவிடுகிறது. அதற்கு டி.எல்.ஏ.பி. என்று பெயர். அந்தக் குடத்தில் வேறு யாரும் மொள்ள முடியாது. ஆகவே பூட்டும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். ‘இதுவரை எடுத்தாயிற்று’ என்ற குறியை நகர்த்தினால் போதும். குடம் காலியானால்தான் மறுபடி குழாயடி. அடியில் கொஞ்சம் மிஞ்சி வீணாகும், அதுதான் விலை.

பெருக்குவதும் மாறிவிட்டது. பெரும்பாலான ஆப்ஜெக்ட்டுகள் பிறந்த சற்று நேரத்திலேயே பயனற்றுப் போகின்றன. கலெக்டர் உயிரோடிருப்பதை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அந்தப் பகுதியையே காலி என்று எடுத்துக்கொள்கிறது. பந்தி முடிந்தபின் வாழையிலையை யாராவது கழுவிக்கொண்டிருப்பார்களா?

நான் செய்தது என்ன? வீட்டுக்கு வீடு குடம் இருக்க, தெருவில் ஒரே டிரம்மை வைத்து, பூட்டுப் போட்டு, டம்ளர் டம்ளராக ஊற்றினேன். எட்டு சி.பி.யு.வும் என் பூட்டின் முன்னால் வரிசையில் நின்றன. அதோடு பூலில் இருந்தவை சாகவே சாகாது. முழுப் பெருக்கல் நடக்கும்போதெல்லாம் அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும்.

நான் வேறு ப்ராஜெக்ட்டுக்குப் போனபிறகு அவன் பூலை எடுத்தான். வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்ததாம். மெஷினுக்குக் கொடுத்த பணம் மாதக்கணக்கில் தண்டம்.

பூலே கூடாது என்று சொல்ல வரவில்லை. டேட்டாபேஸ் கனெக்‌ஷன் போல, உண்டாக்கவே நேரம் பிடிக்கும் சரக்கை இன்றும் சேர்த்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் சாதாரண ஆப்ஜெக்ட்டை, அளந்து பார்க்காமல், ‘எங்கள் காலத்தில் இப்படித்தான்’ என்று சேர்த்து வைப்பது சிக்கனமல்ல, பிடிவாதம். 1998-ல் என் பாடம் சரி. 2005-ல் அது தப்பு. நடுவில் ஒரு தடவைகூட நான் அளந்து பார்க்கவில்லை; அளக்கலாம் என்றவனையும் விடவில்லை.

அவனிடம் இதை நேரில் சொன்னதில்லை. தம்பி, இதைப் படித்தால் தெரிந்துகொள்: நீ சொன்னதுதான் சரி.