கம்பெனி இன்சூரன்ஸ் என்னும் இரவல் குடை

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்த யாரையாவது பிடித்து, "ரிட்டயர் ஆனப்புறம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன ஏற்பாடு சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "கம்பெனியில மெடிக்ளைம் இருக்கே" என்பார். நம் வெள்ளானூரில் சாயங்காலம் கூடிப் பேசுகிற கூட்டத்தில் இந்தப் பதிலை நான் பல தடவை கேட்டுவிட்டேன். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயதுக்காரர்கள் இவ்வளவு நிம்மதியாக இதைச் சொல்வதைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அந்த பாலிசி உங்களுடையது இல்லை. அது உங்கள் கம்பெனியும் இன்சூரன்ஸ் நிறுவனமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். நீங்கள் அதில் ஒரு பெயர், அவ்வளவுதான். பெரும்பாலான இடங்களில் மாலை, சால்வை, வெள்ளிக் குத்துவிளக்கு எல்லாம் கொடுத்து அனுப்பிய கையோடு அந்தப் பெயரையும் அடித்துவிடுவார்கள். இரவல் குடை. மழை வலுக்கிற நேரத்தில் திருப்பிக் கேட்பார்கள்.

அப்புறம் 58 வயதில், சர்க்கரையும் பிரஷரும் துணைக்கு வர, ஒரு புது ஆளாக இன்சூரன்ஸ் கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் 65 வயது வரம்பை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நீக்கிவிட்டது உண்மைதான். எந்த வயதிலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. கொடுத்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. முன்பு அது அதிகபட்சம் 48 மாதம், இப்போது 36 மாதம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குச் சாதாரணமாகவே இரண்டு வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வருகிற கணக்கு. 58-ல் வாங்கினால் உங்கள் சர்க்கரை சம்பந்தப்பட்ட செலவுக்கு 61 வரை காத்திருக்க நேரிடலாம். 55-ல் வாங்கினால் அந்த மூன்று வருஷமும் கம்பெனி குடைக்குக் கீழேயே கழிந்துவிடும். இன்னொன்று: தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு காரணத்துக்காக "நீ அதை மறைத்தாய், இதைச் சொல்லவில்லை" என்று கிளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு வருஷமாக இருந்தது. 55-ல் ஆரம்பித்தவருக்கு 60-ல் இந்தப் பாதுகாப்பு வந்துவிடும்.

"ஒரே நேரத்துல ரெண்டு பிரீமியமா?" என்பார்கள். ஆமாம், மூன்று வருஷத்துக்கு இரண்டு. அதைத் தாங்க முடியாதவர்கள் குறைந்தபட்சம் ஹெச்.ஆரிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள். குரூப் பாலிசியிலிருந்து விலகும்போது அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு, கழித்த காத்திருப்புக் காலத்தோடு மாறிக்கொள்ள விதிகளில் வழி இருக்கிறது. அவர்கள் உங்கள் உடல்நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், என்றாலும் கேட்கிற உரிமை உங்களுடையது. வழியனுப்பு விழாவில் பேசிய எந்த மேனேஜரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்து டாப்-அப் வியாபாரம். "20 லட்சம் கவரேஜ், பிரீமியம் ரொம்பக் கம்மி" என்று ஏஜென்ட் வருவார். கம்மிதான், ஏனென்றால் அதில் முதல் 5 லட்சம் டிடக்டிபிள். அந்த 5 லட்சம் வரை அவர்கள் ஒரு பைசா தரமாட்டார்கள். வேலையில் இருக்கும்வரை அந்த 5 லட்சத்தைக் கம்பெனி பாலிசி பார்த்துக்கொள்ளும். ரிட்டயர் ஆன மறுநாள் முதல் அதை யார் பார்ப்பது? உங்கள் பி.எஃப். பணம். ஆகவே சொந்தமாக ஓர் அடிப்படை பாலிசி, அதன் மேல் டாப்-அப். கூரை போடுவதற்கு முன் சுவர் வேண்டும்.

டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு என்பதையும் கவனியுங்கள். வருஷத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசம், தலா 4 லட்சம் என்று வையுங்கள். சாதாரண டாப்-அப் ஒவ்வொரு தடவையையும் தனித்தனியாகப் பார்க்கும். எதுவும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை, எனவே கையை விரித்துவிடும். சூப்பர் டாப்-அப் வருஷச் செலவைக் கூட்டிப் பார்க்கும். 8 லட்சத்தில் 5 போக 3 லட்சம் தரும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், கையில் 3 லட்சம் வித்தியாசம்.

கோ-பே 20 சதவிகிதம் என்று சிறிய எழுத்தில் இருந்தால், 4 லட்சம் பில்லில் 80,000 உங்கள் தலையில். அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிற பாலிசியில் அதைவிட வாடகை கூடிய அறையில் படுத்தால், வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும். தொகை சற்றுக் குறைந்தாலும் அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசிதான் நம் வயதுக்கு நல்லது.

ஏஜென்ட் சொல்கிற இன்னொரு வசனம்: "சுகர்னு எழுதாதீங்க சார், ரிஜெக்ட் ஆகிடும்." எங்கள் பக்கத்தில் ஒருவர் இந்தப் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் வருஷம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியின் பழைய சீட்டிலேயே பத்து வருஷச் சர்க்கரை என்று இருந்தது. கிளெய்ம் போயிற்று. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. கையெழுத்து அவருடையது அல்லவா! எல்லாவற்றையும் எழுதுங்கள். பிரீமியம் கூடட்டும். பாலிசி கைக்கு வந்ததும் விண்ணப்பத்தின் நகலைப் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.

"பையன் கம்பெனியில அப்பா அம்மாவுக்கும் கவரேஜ் இருக்கு" என்பவர்களுக்கு: அதுவும் இரவல் குடைதான், கைதான் வேறு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மின்னஞ்சலில் வேலை போகிற காலம் இது. பையனின் வேலையோடு உங்கள் கவரேஜும் போகும்.

"எஃப்.டி. போட்டு வைத்தால் போதாதா?" போதுமான எஃப்.டி. இருப்பவர் போடட்டும். நம்மில் எத்தனை பேரால் ஒரு பைபாஸ், ஒரு மாதம் ஐ.சி.யு. இரண்டையும் தாங்க முடியும்?

இனி அரசாங்கத்திடம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியருக்கு சி.ஜி.எச்.எஸ்., மாநில அரசு ஓய்வூதியருக்குத் தனித் திட்டம். இ.எஸ்.ஐ.யில் ஐந்து வருஷமாவது இருந்து ஓய்வு பெற்றவருக்கு வருஷம் 120 ரூபாயில் கணவன் மனைவி இருவருக்கும் சிகிச்சை உண்டு. தகுதி இருப்பவர்கள் தயவுசெய்து விடாதீர்கள். ஆனால் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வந்த சூப்பர்வைசருக்கு? 2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் 5 லட்சம் என்று அறிவித்தது. நல்லது. 58-க்கும் 70-க்கும் நடுவே பன்னிரண்டு வருஷப் பள்ளம் இருக்கிறதே, அதில் விழுகிறவன் யார்? தனியார் தொழிற்சாலையில் உழைத்த நடுத்தரக் குடும்பத்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. இல்லை. வரவேற்கிறேன். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலக்காமல் வருஷம் 10 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவும் வந்தது. அதையும் வரவேற்கலாம். ஆனால் கணக்குப் போடுங்கள்: இன்று 30,000 பிரீமியம், வருஷா வருஷம் 10 சதவிகிதம் ஏறினால் பத்தாம் வருஷ முடிவில் சுமார் 77,800. நம் இ.பி.எஸ்-95 பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது. குறைந்தபட்ச பென்ஷன் 2014-ல் 1,000 ரூபாய், இன்றும் அதே 1,000. பிரீமியத்துக்குப் படிக்கட்டு, பென்ஷனுக்குப் பூட்டு. இதை நியாயம் என்று யாராவது சொன்னால் அவர் பென்ஷன் ஸ்லிப்பைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

ஆகவே என் கோரிக்கை மூன்று. 55 வயதை எட்டிய தொழிலாளிக்கு, ஓய்வுக்குப் பின் கவரேஜ் நிற்கும் என்பதைக் கம்பெனி எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வரட்டும். 70 என்பதை 60 ஆக்கட்டும். 10 சதவிகித வரம்பு இன்னும் இறங்கட்டும்.

கிளெய்மை மறுத்தால் "தலைவிதி" என்று உட்காராதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

சட்டம் வரும்போது வரட்டும். 55 ஆன தம்பிமார்கள் இந்த வாரமே ஹெச்.ஆரிடம் குரூப் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கவரேஜ் எந்தத் தேதியில் முடிகிறது என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில், மனைவி கண்ணில் படுகிற மாதிரி, குறித்து வையுங்கள்.