மூடுபனி அல்ல, நோய்

'மூளை மூடுபனி' என்ற சொற்சேர்க்கை கவிஞர்களுக்கு உவப்பானது. நோயாளிகளுக்கோ அது அநீதி. வெயிலேறினால் மூடுபனி தானே விலகிவிடும். நீடித்த கோவிடில் சிக்கியவர்களுக்கு நேர்வது அத்தகையதன்று. படித்த பத்தி, பக்கத்தைப் புரட்டுவதற்குள் நினைவிலிருந்து அழிந்துபோகிறது. பழகிய சொல் நாவிற்கு வர மறுக்கிறது. ஒரு மணி நேரம் உரையாடிவிட்டு மறுநாள் முழுதும் படுத்துக்கிடக்க நேர்கிறது. இதைப் பனி என்றழைப்பது நோயைச் சிறுமைப்படுத்துவதே என்று நாங்கள் கருதுகிறோம்.

இந்நோய்க்குப் பெயரிட்டது மருத்துவ உலகம் அல்ல. 2020 மே மாதம், தாமே நோயுற்றிருந்த எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியலாளர் ட்விட்டரில் 'லாங் கோவிட்' என்று எழுதினார். உலக சுகாதார நிறுவனம் இதற்கு வரையறை வகுத்தது 2021 அக்டோபரில். இடைப்பட்ட 17 மாதங்களில் நோயாளிகள் பலருக்கும் கிடைத்த பதில், 'எல்லாம் மனப்பிரமை, கவலையை விடுங்கள்' என்பதே. இன்றும் அப்பதில் ஓய்ந்தபாடில்லை.

மனப்பிரமை என்போர் சான்றுகளைப் பார்க்கட்டும். இங்கிலாந்தில் 1,12,964 பேர் பங்கேற்ற அறிதிறன் சோதனையின் முடிவுகள் 2024இல் வெளியாயின. நோய்க்குறிகள் நீங்காதவர்கள், தொற்றே காணாதவர்களைவிட ஐ.க்யூ. கணக்கில் 6 புள்ளிகளுக்கு ஒப்பான அளவு பின்தங்கியிருந்தனர். அதே ஆண்டில் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், இத்தகைய நோயாளிகளிடம் ரத்தத்திற்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பில் கசிவைக் கண்டனர். இவை முடிந்த முடிபுகள் அல்ல. ஆயினும், நோயாளி பொய் சொல்கிறார் என்ற வாதத்திற்கு இனி இடமில்லை.

வரலாறும் நமக்கு எச்சரிக்கையாக இருக்கிறது. வயிற்றுப்புண்ணுக்கு மன உளைச்சலையும் அமிலத்தையுமே காரணமாகச் சொல்லி வந்தார்கள். பெரும்பாலும் அதன் பின்னே இருந்தது ஒரு பாக்டீரியா என்று காட்டிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

எதிர்த்தரப்பின் பிழையையும் சொல்லியாக வேண்டும். 'இது உடல்நோய், எங்களுக்கு மனநோய் இல்லை' என்று சிலர் பதறுகின்றனர். மனச்சோர்வு என்ன, இழிவா? பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல், நீடித்த கோவிட் நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் செரடோனின் குறைந்திருப்பதையும், அதற்குக் குடலில் தங்கிய கிருமியின் எச்சம் காரணமாகலாம் என்பதையும் எடுத்துரைத்தனர். உடலா மனமா என்று பட்டிமன்றம் நடத்துவது எவ்வளவு வீண் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? வேலையை இழந்து, வாசிப்பை இழந்து, வீட்டாரின் நம்பிக்கையையும் இழந்தவர் மனமுடைந்து போவது இயல்பு. அந்தத் துயருக்கும் மருத்துவம் தேவை. ஆனால் அந்தத் துயரையே நோயின் மூலமாக்குவது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைப்பதாகும்.

'எழுந்து நடந்தால் சரியாகும்' என்ற அறிவுரையும் தீங்கானது. உழைப்புக்குப் பின் நோய் மிகும் மற்றொரு நோயான நாட்பட்ட களைப்பு நோய்க்கு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை 2021இல் பிரிட்டனின் வழிகாட்டு நெறியே கைவிட்டது.

அமெரிக்கா 2021 ஜூலையிலேயே நீடித்த கோவிடும் ஊனமாகக் கருதப்படலாம் என்று அறிவித்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இதன் பெயர் இல்லை. சட்டம் மாறும்வரை காத்திராமல் நம்மால் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம் வாசக வட்டங்களிலிருந்து ஓசையின்றி விலகிப்போனவர்களைச் சோம்பேறிகள் என்று எண்ணாமல், அவர்கள் சொல்வதை முதலில் நம்புவோம்.