குறை கேட்பவர் யாருடைய ஆள்?

குறை இருந்தால் நிர்வாகத்திடம் சொல்லலாம், அதற்கென்று கமிட்டி இருக்கிறது, பெட்டி இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது, நடுவில் சங்கம் எதற்கு என்ற வாதம் காஞ்சிபுரம் ஜில்லாவின் தொழிற்பேட்டைகளில் இன்று பலமாக ஒலிக்கிறது. கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. உண்மை என்ன?

உத்திரமேரூர் தாலுகாவின் கிராமங்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர்கள் இந்த ஜில்லாவின் கிராமத்துப் பிள்ளைகளுந்தான். அவர்களுடைய தாய்மார்களோ ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் நூறு நாள் வேலையில் மண் சுமந்தவர்கள். அந்த வேலைக்கும் ஜில்லாவுக்கு ஒரு குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2009-ல் உத்தரவிட்டது. ஆக, ஒரே வீட்டில் மகளின் குறையைக் கேட்கவும் ஆள் உண்டு, தாயின் குறையைக் கேட்கவும் ஆள் உண்டு என்று காகிதம் சொல்கிறது. அவரை நியமித்தவர் யார், அவர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் என்பதே நமது கேள்வி.

இப்போது பெரிய கம்பெனிகள் விரும்பிப் பேசும் ‘ஆம்புட்ஸ்மன்’ என்ற சொல் சுவீடன் நாட்டிலிருந்து வந்தது. 1809-ல் அங்கே அரசன் பதவியிலிருந்து இறக்கப்பட்டுப் புதிய அரசியல் சட்டம் எழுதப்பட்டபோது, அரசனுடைய அதிகாரிகள் செய்யும் அநீதியை விசாரிக்க ஒருவர் வேண்டும் என்று முடிவாயிற்று. அவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அரசனுக்குக் கொடுக்கப்படவில்லை. பார்லிமெண்டுக்குக் கொடுக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டின் உயிரே அதுதான். நமது கம்பெனிகள் பெயரை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு முறையைத் தலைகீழாக்கிவிட்டன. யார் மீது புகாரோ அவரே குறை கேட்பவரை நியமிக்கிறார், அவரே சம்பளம் கொடுக்கிறார், புகார் புஸ்தகமும் அவருடைய பீரோவிலேயே இருக்கிறது!

உத்திரமேரூரிலேயே இதற்கு ஒரு பழைய சாட்சியம் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ம் வருஷத்தவை, வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதியைச் சொல்கின்றன. முப்பது குடும்புகளிலும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். 2020 டிசம்பரில் புதிய பார்லிமெண்ட் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்தக் கல்வெட்டைப் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையில் பாதியை நாம் ஏற்பதற்கில்லை. நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களின் சபை அது. ஏர் பிடித்தவனுக்கும் களை எடுத்தவளுக்கும் அங்கே ஓலையும் இல்லை, குடமும் இல்லை. ஆனால் அந்தச் சபையார் தங்களுக்குள் ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்திருந்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் மறுபடி குடத்தில் விழக்கூடாது. அவன் உறவினர் பெயரும் விழக்கூடாது. சொத்துள்ளவர்கள் ஒருவரையொருவர் நம்பாமல் கல்லில் வெட்டி வைத்த விதி இது. சொத்தில்லாதவர்கள் முதலாளியிடம் அதையே கேட்டால் மட்டும் குற்றமாகிவிடுகிறது.

நிர்வாகமே கமிட்டி அமைத்துக் கொடுப்பது புதிய தந்திரமும் அல்ல. சென்னை பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டார்கள். 1921-ல் மாதக்கணக்கில் நடந்த போராட்டம் துப்பாக்கிச் சூட்டையும் பட்டினியையும் கண்டு ஒடுங்கிய பிறகு, 1922-ல் அதே நிர்வாகம் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு கமிட்டி அமைத்தது. சங்கம் நிமிர்ந்து நின்றபோது கதவைச் சாத்தியவர்கள், அது சாய்ந்த பிறகு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள்.

ஒரு நூற்றாண்டு கழித்து சுங்குவார்சத்திரத்தில் நடந்தது என்ன? சாம்சங் ஆலைத் தொழிலாளர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் 2024 செப்டம்பர் 9-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வும் கேட்டார்கள், வேலை நேரம் பற்றியும் கேட்டார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னே நின்றது சி.ஐ.டி.யு. சார்பான தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் என்ற கோரிக்கைதான். அந்தச் சங்கத்தோடு பேச மறுத்த நிர்வாகம், தனக்கு இசைவான தொழிலாளர் கமிட்டியோடு அக்டோபர் 7-ந் தேதி ஒப்பந்தம் போட்டது. மாதம் 5,000 ரூபாய் தனி ஊக்கத்தொகை, கூடுதலாகக் குளிர்சாதன பஸ்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. பஸ்ஸைக் குளிரவைக்கச் சம்மதித்தவர்கள், சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் இருப்பதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை! இரண்டு நாளில் போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது, தொழிலாளர்கள் கைதானார்கள். 37 நாளைக்குப் பிறகு வேலைநிறுத்தம் முடிந்தது. கோர்ட்டுக்குப் போன சங்கம் 2025 ஜனவரி 27-ல் பதிவாயிற்று. அடுத்த மாதமே சங்க நிர்வாகிகள் மூவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டு மீண்டும் போராட்டம் மூண்டது. அதன் பின் மே மாதத்தில், மூன்று வருஷத்தில் 18,000 ரூபாய் உயர்வு என்ற உடன்பாடு வந்தது. அக்டோபர் கமிட்டி கொடுத்த 5,000 ரூபாய் 2025 மார்ச்சோடு முடியும் தொகை. மேயில் கிடைத்தது சம்பளம். வித்தியாசத்தை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

சங்கமும் இல்லை, நம்பத்தக்க குறைதீர்ப்பும் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் பார்த்தோம். பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் கதி என்ன என்று தோழிகள் கேட்டபோது நம்பும்படியான பதில் வரவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தனது தரத்துக்கு ஏற்றவை அல்ல என்று ஆப்பிள் கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டது. நெடுஞ்சாலைக்கு வராமல் பெட்டியில் மட்டும் சீட்டுப் போட்டிருந்தால் அந்த ஒப்புதல் வந்திருக்குமா?

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் 20 தொழிலாளர் உள்ள இடமெல்லாம் குறைதீர்ப்புக் கமிட்டி வேண்டும் என்கிறது. இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, மொத்தம் பத்துப் பேருக்கு மேல் கூடாது, 30 நாளில் முடிவு. இந்தத் தொகுப்பு வேலைநிறுத்த உரிமைக்குப் போட்ட விலங்குகளை நாம் எதிர்க்கிறோம். ஆயினும் இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. கமிட்டியின் முடிவு பிடிக்காத தொழிலாளி 60 நாளுக்குள் சமரச அதிகாரியிடம் போகலாம். போக வேண்டிய வழி அவர் அங்கமாக உள்ள தொழிற்சங்கத்தின் மூலம். சங்கமில்லாதவன் முதல் படியில் ஏறி, அடுத்த படி இல்லாமல் நிற்பான். நடுவில் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சட்டமே சொல்லும் பதில் இது.

இனி நூறு நாள் வேலை. அட்டையில் பெயர் தவறு, செய்த வேலைக்கு ஆஜர் இல்லை, பணித்தளப் பொறுப்பாளர் பாரபட்சம் போன்ற குறைகளை நேர்மையான குறைதீர்ப்பாளர் ஒருவர் தீர்த்துவைக்க முடியும். நாம் அதை மறுக்கவில்லை. தனியாக நிற்கும் விதவைக்கும், மேஸ்திரியின் வாய்க்குப் பயந்த பெண்ணுக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்றே சொல்கிறோம். ஆனால் 2025 ஜனவரியில் கூலிப் பாக்கி 1,056 கோடி ரூபாயை விடுவிக்கும்படி முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. 15 நாளில் வரவேண்டிய கூலியைத் தில்லி நிறுத்தி வைத்தால் காஞ்சிபுரத்துக் குறைதீர்ப்பாளர் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவார்? அவருடைய கை கிராமத்துக் குமாஸ்தா வரைதான் நீளும். 2025 டிசம்பரில் அந்த 2005-ம் வருஷத்துச் சட்டத்தையே எடுத்துவிட்டு, 125 நாள் என்று பேசும் வேறு சட்டத்தைப் பார்லிமெண்ட் நிறைவேற்றிவிட்டது. இதற்கு எந்தப் பெட்டியில் மனுப் போடுவது?

ஆகவே குறை கேட்கும் ஆபீஸ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தொழிலாளர் தரப்பு அங்கத்தினர்களை ரகசிய வாக்கெடுப்பில் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். புகாருக்குத் தேதியிட்ட ரசீது வேண்டும், முடிவு எழுத்தில் வேண்டும். புகார் சொன்னவர் வருஷத்துக்குள் மாற்றப்பட்டாலோ சஸ்பெண்ட் ஆனாலோ, காரணம் புகார் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தினுடையது. கிராம வேலைக்கான குறைதீர்ப்பாளர், ஒரு நாள் கூலியை இழந்து ஜனங்கள் காஞ்சிபுரம் போகும்படி வைக்காமல், தாமே ஏரிக்கரைக்கு வந்து உட்கார வேண்டும். வந்த புகார் எத்தனை, தீர்ந்தது எத்தனை, தள்ளியது எத்தனை என்ற கணக்கைப் பெயர் சொல்லாமல் ஊரறிய வாசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் மே 1-ம் ஒன்று. உத்திரமேரூர் ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும் அன்று இந்தக் கணக்கைக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்து, பதிவேட்டில் ஏற்றி, நகலைக் கலெக்டருக்கு அனுப்பும்படி விவசாயத் தொழிலாளர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.