முகத்துவாரத்தில் எழுந்த பாட்டு

ஓடம் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்பது பழமொழி. வட சென்னைக் கடற்கரையில் இந்தப் பழமொழி புது விதமாகப் பலித்திருக்கிறது. ஒரு காலத்தில் யந்திரத்தின் சத்தத்தில் மீனவர் பாட்டு அமிழ்ந்து போயிற்று. இன்றோ, பாட்டு யந்திரத்தின் மேலேயே ஏறி உலகைச் சுற்றி வருகிறது!

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் கடலை நம்பி வாழ்ந்த ஊர்கள். துடுப்பு போட்டும் வலை இழுத்தும் பிழைத்த நாளில், ஒருவர் முதல் அடி பாடுவார். மற்றவர்கள் "ஏலேலோ" என்று பதில் கொடுப்பார்கள். இதற்கு அம்பாப் பாட்டு என்று பெயர். வெறும் பொழுதுபோக்குக்காக அவர்கள் பாடவில்லை. பத்துக் கைகள் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் வலை கரைக்கு வரும். அந்தக் கைகளைச் சேர்த்துக் கட்டிய கயிறு பாட்டுதான். மோட்டார் படகு வந்தது. துடுப்புக்கு வேலை குறைந்தது. பாட்டுக்கும் வேலை குறைந்தது.

கடல் அம்மாவின் பள்ளிக்கூடம்

அந்தப் பாட்டிலும் பாட்டி சொன்ன கதையிலும் ஒரு பெரிய படிப்பு இருந்தது. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை என்று காற்றுக்குப் பெயர் வைத்து அடையாளம் காட்டியது அந்தப் படிப்பு. கடலை அம்மா என்று அழைக்கச் சொன்னது. கன்னிமார் எழுவரைக் கும்பிடச் சொன்னது. மாசி மகத்தன்று சாமியைக் கடலாட அழைத்து வரச் சொன்னது. சுறா மீனின் கொம்பை நட்டு மீனவர் வழிபட்ட செய்தி, பழைய பட்டினப்பாலையிலேயே இருக்கிறது.

இதை மூட நம்பிக்கை என்று தள்ளிவிடலாமா? கூடாது. தாய் மடியில் பால் குடிக்கலாம், மடியை அறுக்கலாகாது. இந்த ஒரு பாடத்தைத்தான் கதையாகவும் பாட்டாகவும் முன்னோர் சொல்லி வைத்தார்கள்.

எண்ணூரில் நடந்தது

கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் இடம் எண்ணூர். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் அந்த முகத்துவாரத்தில் இறால், நண்டு, மீன் எல்லாம் குஞ்சு பொரித்து வளரும். பறியை வாயில் கவ்விக்கொண்டு, வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு ஆறுதான் சோற்றுப் பானை.

1970-ல் எண்ணூரில் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அது 2017-ல் மூடப்பட்டது. வட சென்னை அனல் மின் நிலையம் 1994-ல் வந்தது. துறைமுகம் 2001-ல் வந்தது. விளக்கு எரிந்தது, வேலையும் கிடைத்தது. ஆனால் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் ஆற்றில் படிந்தது. ஆழம் குறைந்தது. மீனும் குறைந்தது.

இந்த இடத்தில்தான், 2017 ஜனவரியில், ஒரு புதுமை நடந்தது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா சபா மேடையை விட்டுவிட்டு எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடினார். பின்னால் புகைபோக்கிகள். காலடியில் சாம்பல் படிந்த மண். சென்னைப் பேச்சுத் தமிழில் பாட்டை எழுதியவர் கபேர் வாசுகி. ராகமாலிகையாக மெட்டு அமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். காமிரா அதைப் படமாக்கியது. இணையம் வீடு வீடாகக் கொண்டு போயிற்று. "புறம்போக்கு" என்பது வசைச் சொல் அல்ல, ஊருக்கெல்லாம் பொதுவான நிலமும் நீரும்தான் புறம்போக்கு என்று அந்தப் பாட்டு நினைவூட்டியது. பாட்டி சொன்ன பாடமும் இதுதானே!

அதே மாதம் 28-ஆம் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கரை ஒதுங்கியது. அதை ஜனங்கள் வாளியால் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றில் புகுந்தது. படகிலும் வலையிலும் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. மீனவர் பிழைப்பு நின்றது.

பாட்டு ஆற்றைக் கழுவுமா?

கழுவாது. சட்டம்தான் கழுவ வேண்டும். ஆலைகள் அதற்குப் பணிய வேண்டும். அரசு காவல் காக்க வேண்டும். ஆனால் அடுத்த தெருவில் நடப்பது தெரியாமல் தூங்குகிறவர்களை எழுப்புவதற்குப் பாட்டைப் போல வேறு ஒன்று உண்டா? எழுந்த ஜனங்கள் கேட்டால்தான் சட்டமும் எழும்.

ஆகவே கருவியைக் குறை சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ஆற்றைக் கெடுத்ததும் யந்திரம்தான்; அதைக் காட்டிக் கொடுத்ததும் யந்திரம்தான். அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

1933-ல் அமெரிக்காவில் லோமாக்ஸ் என்ற தந்தையும் மகனும் சுமார் 140 கிலோ எடையுள்ள ஒலிப்பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஏழை ஜனங்களின் பாட்டைத் தேடி அலைந்தார்கள். தமிழ்நாட்டில் நா. வானமாமலை 1960-களில் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். இன்று அவ்வளவு பாடு வேண்டியதில்லை. அந்தப் பெரிய கருவி இப்போது சட்டைப் பையில் கிடக்கிறது!

குப்பத்துப் பிள்ளைகள் தாத்தாவின் பக்கத்தில் உட்காரட்டும். காற்றின் பெயரையும் கடலின் கதையையும் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். பள்ளிக்கூடங்கள் அதற்கு உதவட்டும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பாடியவரின் சம்மதம் வேண்டும். அவர் பெயர் இருக்க வேண்டும். காசு வந்தால் அவருக்கும் பங்கு வேண்டும். 2021-ல் வெளிவந்த "எஞ்சாயி எஞ்சாமி" பாட்டு உலகமெங்கும் புகழ் பெற்றது. யாருக்கு எவ்வளவு பெயர் என்ற சச்சரவும் பின்னாலேயே வந்தது. பெரிய பாட்டுக்கே இந்தக் கதி என்றால், கரையில் வலை பின்னும் கிழவரின் பாட்டை யார் காப்பாற்றுவார்கள்?

ஆற்றையும் காக்க வேண்டும். பாட்டையும் காக்க வேண்டும். ஆறு செத்த பிறகு அதன் பாட்டை மட்டும் பெட்டியில் பூட்டி வைத்தால், அது ஒப்பாரியாகத்தான் ஒலிக்கும். எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் இறால் துள்ளட்டும். அப்போது பாடும் "ஏலேலோ"தான் நிஜமான பாட்டு!