மலையகத் தாயும் நிழற்படமும்

தேயிலைக் கொழுந்து கொய்யும் பெண்ணின் உருவத்தைக் காணாதார் இன்று உலகில் அரியர். தலையைச் சுற்றிய கயிற்றிலே கூடையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, பச்சை மலைச்சரிவில் இரு கைகளாலும் கொழுந்து பறிக்கும் அவளைத் தேயிலைப் பெட்டியிலும் நாட்காட்டியிலும் அஞ்சலட்டையிலும் நூறாண்டுக்கு மேலாக உலகம் கண்டுவருகிறது. ஆயின், அவளுடைய லயத்துக் காம்பராவிலே, பிள்ளைக்கு அவள் தலைவாரிவிட்ட ஒரு காலைப் பொழுதின் படம் உண்டா எனத் தேடினால், பெரும்பாலும் கிடையாது. கடல் கடந்தவர்கள் எல்லாம் கண்ட முகத்தை அவளுடைய பேரப்பிள்ளைகள் காணக் கிடைக்கவில்லை. இந்த முரண்பாட்டைப் பற்றியும், அதை நீக்க ஒரு தாயால் ஆகக்கூடியது என்ன என்பதைப் பற்றியும் இங்கே சில கூற விழைகிறேன்.

ஊவா மாகாணத்தையே எடுத்துக்கொள்வோம். தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டிலே அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். விளம்பரக் கலையிலே அவர் வல்லவர். தேயிலையை விற்பதற்குத் தோட்டத்தையும் அங்கே கூடையோடு நிற்கும் பெண்ணையும் படமாக்கி மேனாட்டாருக்குக் காட்டினார். அவருக்கு முன்னரே ஸ்கீன், ஸ்கோவன் முதலிய படப்பிடிப்பு நிலையத்தார் தோட்டக் காட்சிகளை எடுத்து விற்றுவந்தனர். 1890இல் தோன்றிய பிளாற்றே நிலையம் அத்தகைய காட்சிகளை அஞ்சலட்டைகளாக்கிப் பரப்பிற்று. அந்தப் பழைய அட்டைகளின் அடியிலே, தமிழ்க் கூலிப்பெண் என்றோ கொழுந்து பறிப்பவள் என்றோ ஒரு குறிப்பு இருக்கும். அவளுடைய பெயர் இராது. அவள் எந்தத் தோட்டத்தாள், எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் என்பதும் இராது. புகையிரதம் 1924இல் பதுளை வரை வந்தது. இன்று அந்தப் பாதையிலே, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண வருவோரின் கமராக்கள் ஓய்வதில்லை. பாலத்தை எடுத்த கை, வழியிலே கொழுந்து பறிக்கும் பெண்ணையும் எடுத்துக்கொண்டு போகிறது. கருவிகள் மாறினவேயன்றி, பெயரில்லாத வழக்கம் மாறவில்லை.

தாய் ஒருத்தி கமராவைக் கையில் எடுத்தால் இந்த வழக்கம் மாறுமா? நம் நாட்டோடு தொடர்புடைய எடுத்துக்காட்டு ஒன்று இதற்கு உண்டு. பள்ளி வரலாற்றிலே கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தைப் படியாத மாணவர் இலர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குரிய அந்தக் கமரனின் மனைவியே யூலியா மார்கிரட் கமரன். கல்கத்தாவில் 1815இல் பிறந்த இவர் ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். 1863ஆம் ஆண்டின் முடிவிலே, 48ஆம் வயதில், மகளும் மருமகனும் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவினால் படம் பிடிக்கத் தொடங்கினார். அப்போது அவர் இங்கிலாந்தின் வைட் தீவிலே வாழ்ந்தார். வீட்டின் நிலக்கரி அறை அவருக்கு இருட்டறையாயிற்று; கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. அக்காலத்தில் கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசி, அது உலருமுன் படம் எடுத்துக் கழுவவேண்டும். அத்தனையையும் வீட்டு வேலைகளுக்கிடையே அவர் தாமே செய்தார். படங்களிலே தெளிவு போதாது என்று குறைகூறினோர் பலர். அவற்றுட் சில இன்று இலண்டன் விக்டோரியா–அல்பேட் அரும்பொருளகத்தில் போற்றப்படுகின்றன.

1865இல் அவர் தம் பேரக்குழந்தையைப் படமெடுத்தார். குழந்தையின் பெயர் ஆர்ச்சி என்றும், வயது 2 ஆண்டும் 3 மாதமும் என்றும் அந்தப் படத்தோடு குறித்துவைத்தார். மாதக் கணக்குத் தவறாமல் வயதை எழுதவேண்டும் என்று தோன்றியது அவருள்ளிருந்த பாட்டிக்கே. இதே அம்மையார் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கும் அவர் குடியானவரையும் தொழிலாளரையும் படமெடுத்தார். அவருள் தமிழரும் உளர். அவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. 1878இல் எடுத்த ஒன்றுக்குக் களுத்துறைக் குடியானவர் குழு என்று மட்டும் பெயர். படத்தில் நிற்போர் இன்னார் என்பதை அறிய அதிலே வழியில்லை. மறுவருடமே அவர் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார்.

அம்மையாரைக் குறைசொல்ல இதனைக் கூறவில்லை. அவருடைய கலையுள்ளம் பெரிது. ஆனால் ஒரே கை, ஒரே கமரா, இருவகைப் படங்களைத் தந்தது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். தன் குடும்பத்தைக் கண்டபோது பெயரும் வயதும் தாமாகவே வந்தன. பிறர் குடும்பத்தைக் கண்டபோது வரவில்லை. ஆகவே, கருவியைப் பெண் ஏந்தினாள் என்பது மட்டும் போதாது. அந்த வீட்டுத் தாயே ஏந்தவேண்டும். இதுவே என் துணிபு.

மலையகத்தார் படமே எடுத்துக்கொள்ளவில்லை என்பதன்று. எடுத்துக்கொண்டார்கள், பெரும்பாலும் கட்டாயத்தின் பேரில். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைத் தலைக்கணக்கில் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றி 1974இல் மறுபடியும் பேசிப் பாதி பாதியாகப் பங்கிட்டனர். அந்த ஆண்டுகளிலே பதுளையிலும் பண்டாரவளையிலும் படப்பிடிப்பு நிலையத்தின் படியேறிய குடும்பங்கள் பல, கடவுச்சீட்டுக்காகவே ஏறின. நேரே பார்த்த கண், இறுகிய உதடு, பின்னால் வெறுந்திரை. தலைமன்னாரில் கப்பலேறிய அண்ணனுக்கும் இங்கே தங்கிய தங்கைக்கும் ஒருவர் மற்றவரை நினைக்க எஞ்சியது அத்தகைய ஒரு படமே. அதிலே அண்ணன் சிரிக்கவில்லை. ஏனெனில், அது தங்கைக்காக எடுத்த படமன்று, அலுவலகத்துக்காக எடுத்த படம்.

இவ்விருவகைப் படங்களிலும் வராத வாழ்க்கை எது? விடியுமுன் அடுப்பில் ஊதுகுழலோடு குனிந்திருப்பது, ரொட்டி தட்டுவது, பிள்ளைக் காம்பராவிலே குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் மலைக்கு ஓடுவது, பீலித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருப்பது, இஸ்தோப்பிலே அப்பாயி பேத்திக்குப் பேன் பார்ப்பது. இவற்றை நம் எழுத்தாளர்கள் எழுதிவைத்தனர். ஹாலிஎலைப் பகுதித் தோட்டமொன்றிலே 1934இல் பிறந்து, ஆசிரியராயிருந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், 2022இல் மறையும் வரை இந்த லயத்து வாழ்வையே எழுதினார். சிறுகதையிலும் நாவலிலும் இடம்பெற்ற இந்த வாழ்வுக்குக் குடும்பத்தின் படப்பெட்டியில் இடம் கிடைக்கவில்லை. கல்யாணம், சடங்கு, மரணம் ஆகிய மூன்றுமே கூலி கொடுத்துப் படமெடுக்கத் தக்கவை என்று கருதப்பட்டன. அன்றாடத்துக்கு யார் கூலி கொடுப்பார்?

இன்று அந்தத் தடை பெரிதும் நீங்கியுள்ளது. லயத்திலும் கைத்தொலைபேசி வந்துவிட்டது. அதில் கமராவும் இருக்கிறது. ஆயினும் மூன்று ஆட்சேபங்கள் எழக்கூடும். முதலாவது, படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்ற முதியோர் அச்சம். இது பெரும்பாலும் மறைந்துவிட்டதால் விரிக்கவேண்டியதில்லை. இரண்டாவது சற்று ஆழமானது. புகையேறிய சுவரையும் கிழிந்த பாயையும் படமெடுத்து வைப்பானேன், வறுமையைப் பார்த்து நாளை பிள்ளை நாணுமே என்பர் சிலர். இதற்கு என் விடை இது. அந்தச் சுவரைப் பிறர் ஏற்கனவே எடுத்துவிட்டனர். அறிக்கைகளிலும் செய்திகளிலும் அது வந்துவிட்டது. அவர்கள் எடுத்த படத்தில் சுவர் முன்னே நிற்கும், பிள்ளை பின்னே நிற்கும். தாய் எடுக்கும் படத்தில் பிள்ளை முன்னே வரும்; சுவர் பிள்ளைக்குப் பின்னணியாகிவிடும். வறுமையை மறைக்காமலே அதற்கு அடங்காத ஒரு வாழ்வை அப்படம் காட்டும். அதைப் பார்த்து நாணுவதற்கு எதுவுமில்லை.

மூன்றாவது ஆட்சேபமே இன்று மிக முக்கியமானது. வீட்டுக்குள் எடுத்த படம் ஒரு நொடியில் ஊர்முழுதும் பரவுகிறது. அமெரிக்காவிலே சாலி மான் என்னும் தாய், தம் மூன்று பிள்ளைகளின் அன்றாட வாழ்வைப் படமெடுத்து 1992இல் நூலாக்கினார். கலையுலகம் அதைப் புகழ்ந்தது. ஆனால் சில படங்களிலே பிள்ளைகள் ஆடையின்றி இருந்தமையால், தாயாயினும் இதனை உலகுக்குக் காட்ட உரிமை உண்டா என்ற வாதம் மூண்டது. இன்னும் அது ஓயவில்லை. அந்த நூல் ஒரு கடையில் விற்கப்பட்டது; இன்றைய படமோ கணக்கற்ற கைகளுக்கு உடனே செல்கிறது. ஆகவே ஒரு வரம்பு வேண்டும். வீட்டுக்கென எடுத்த படம் வீட்டில் இருக்கட்டும். உறவினருக்கு அனுப்புவதாயின் பிள்ளையைக் கேட்டு அனுப்பட்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியும். கேளாமல் எடுத்துச் சென்றவர்களால் நூறாண்டாக இழந்தோம் என்று முறையிடும் நாம், நம் பிள்ளைகளிடம் கேளாமல் செய்தல் முறையாகாது.

இனி, படத்தை எடுக்கும் முறை பற்றி ஒரு சொல். லயத்துக் காம்பராவுக்கு வெளிச்சம் பெரும்பாலும் வாசல் வழியாகவே வருகிறது. வாசலுக்கு முதுகு காட்டி நிற்கும் பிள்ளையின் முகம் கறுத்துப்போகும். தாய் வாசற் பக்கம் நின்று, பிள்ளையை வெளிச்சத்தை நோக்கி இருத்தினால் முகம் துலங்கும். தோட்டத்துத் தாய்க்குக் கிடைப்பன விடியற்காலையும் மாலையுமே. அந்த இளவெளிச்சமே முகத்துக்கு நல்லதென்று தேர்ந்த படப்பிடிப்பாளரும் கூறுவர். பிள்ளையைப் பார் என்று அழைத்து நிமிர்த்த வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தில் குனிந்திருக்கட்டும், கோழிக்கு இரை போடட்டும். கடவுச்சீட்டுப் படம்போல் நேரே நிற்பதை மறந்தால்தான் அன்றாடம் படத்தில் வரும்.

எடுப்பதினும் பெரிது, எழுதுவது. மலையகத்திலே பேர் என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர்; கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். கணக்கப்பிள்ளையின் பதிவேட்டிலே விழும் அந்தப் பேருக்காக உழைத்த பெண்ணின் சொந்தப் பேர், அஞ்சலட்டையில் விழவில்லை. எனவே, தாய் எடுக்கும் படங்களுள் மாதத்துக்கு ஒன்றையாவது தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் இன்னார், இன்ன உறவு, இன்ன தோட்டம், இன்ன நாள் என்று எழுதிவைக்கவேண்டும். எழுதத் தெரியாத தாய் சொல்லப் பிள்ளை எழுதலாம். கைத்தொலைபேசி பழுதாகும், தொலையும். அதற்குள் இருக்கும் ஆயிரம் படங்களினும் பெயரெழுதிய பன்னிரண்டு படங்கள் மேலானவை.

அப்படங்களையும் ஓரிடத்திலே மட்டும் வைத்தல் ஆகாது. ஏன் என்பதைப் பதுளை மாவட்டத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையில் மீரியாபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அன்று பள்ளிக்கூடம் போயிருந்ததால் உயிர்தப்பிய பிள்ளைகள் திரும்பியபோது, பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை. தாயின் முகம் இப்படி இருந்தது என்று காட்ட அத்தகைய பிள்ளைக்கு என்ன இருக்கும்? வீட்டிலிருந்த படம் வீட்டோடு போய்விடும். ஒரு பிரதி வேறு தோட்டத்து அத்தையிடமோ, பள்ளிக்கூடத்து அலுமாரியிலோ இருந்தால், அது பிள்ளையின் கையில் வந்து சேரும். மலைச்சரிவிலே வாழ்வோருக்கு இது ஆடம்பரமன்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எல்லாப் படங்களையும் தாயே எடுத்தால், எந்தப் படத்திலும் தாய் இரார். அடுப்படியிலும் பீலியடியிலும் நிற்கும் அம்மாவை எடுக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதும் தாயின் கடமையே. தலை கலைந்திருக்கிறது, சேலை நைந்திருக்கிறது என்று அவர் விலகக்கூடும். பிள்ளை விடாது எடுக்கவேண்டும். பின்னாளில் அந்தப் பிள்ளை தேடப்போவது கல்யாணப் பட்டுடுத்த அம்மாவையன்று. தனக்கு ரொட்டி தட்டித்தந்த அம்மாவையே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் உள்ள தமிழ் வகுப்புகளிலே, ஆண்டுக்கொரு முறை மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு படம் கொண்டுவந்து, அதிலுள்ளோரின் பெயரையும் உறவையும் அன்றைய நாளின் செய்தியையும் ஒரு பக்கத்தில் எழுதட்டும். கட்டுரைப் பயிற்சியும் ஆயிற்று. குடும்ப வரலாறும் ஆயிற்று. பெற்றோர் இசைந்தால் அவற்றின் பிரதிகளைப் பள்ளி நூலகமோ, பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமோ காத்துவைக்கலாம். குடியுரிமைக்காகச் சான்று தேடி அலைந்த ஒரு சமூகம், தன் வாழ்வுக்குத் தானே சான்று எழுதிக்கொள்வதற்கு இனி எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு தாயும், வாசல் வெளிச்சமும், படத்தின் பின்புறத்தில் எழுத ஒரு பேனாவும் போதும்.