நண்டு ஓட்டை அரைத்தால் நானோ இழை!

நண்டுக் குழம்பு சாப்பிட்டு முடித்ததும் ஓடு நேராகக் குப்பைக்குத்தான் போகும். ஜப்பானின் டொட்டோரி மாகாணத்தில் இந்த ஓடு குவியல் குவியலாகச் சேர்கிறது. அங்குள்ள சகாய்மினாட்டோ துறைமுகம் நண்டுக்குப் பேர்போனது. டொட்டோரி பல்கலைக்கழகத்தில் ஷின்சுகே இஃபுகுவின் ஆய்வுக்குழு, நண்டு ஓட்டிலிருந்து நானோ இழைகளைப் பிரித்தெடுத்து 2009-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. இழையின் அகலம் 10 முதல் 20 நானோமீட்டர்தான். தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லியது!

இதில் சுவாரஸ்யமே, அந்த இழையை ஆய்வுக்கூடம் உருவாக்கவில்லை என்பதுதான். நண்டே செய்து வைத்திருக்கிறது. ஓட்டுக்குள் சுண்ணாம்பு, புரதம், கைட்டின் மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. கைட்டின் என்பது சர்க்கரை வகை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். பருத்தியில் இருக்கும் செல்லுலோஸுக்கு நெருங்கிய சொந்தம். அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும். காரத்தில் கொதிக்கவைத்தால் புரதம் போய்விடும். மிஞ்சும் கைட்டினை நிறையத் தண்ணீர் சேர்த்து, திருகை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு கற்களுக்கு நடுவே விட்டு அரைக்கிறார்கள். 100 கிராமில் கைட்டின் 1 கிராம்தான். ஆனாலும் வெளியே வருவது கெட்டியான கூழ்!

ஒரே நிபந்தனை, அரைத்து முடிக்கும்வரை கைட்டின் காயக் கூடாது. காய்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று இறுகிவிடும். அப்புறம் பிரிப்பது பெரும்பாடு. காய்ந்துபோன இட்லி மாவுப் பாத்திரத்தைத் தேய்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு இதற்கும் அதே குழு வழி கண்டுபிடித்தது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைக் கொஞ்சம் சேர்த்தால், இழைகளில் நேர்மின்னூட்டம் ஏறி ஒன்றையொன்று தள்ளும். காய்ந்த கைட்டினும் பிரிந்துவிடும்.

இந்த இழையைப் பிளாஸ்டிக்கில் கலந்தால் வலு கூடுகிறது. ஒளியின் அலைநீளத்தைவிட இழை மிகச் சிறியது என்பதால், கண்ணாடி போன்ற தெளிவும் கெடுவதில்லை. குடல் அழற்சி உள்ள எலிகளுக்குக் கொடுத்தபோது அழற்சி குறைந்தது. எலிக்குக் குறைந்ததை வைத்து மனிதருக்கு மருந்து என்று சொல்லிவிட முடியாது.

'குப்பையிலிருந்து தங்கம்' என்று கொண்டாடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நண்டு, இறால் அலர்ஜிக்குக் காரணம் அவற்றின் புரதம். அது முழுசாக நீங்கியாக வேண்டும். அதைவிடச் சிக்கலானது, ஓட்டைச் சுத்தம் செய்த அமிலமும் காரமும். அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால், நண்டு வந்த கடலுக்கே அது போய்ச் சேரும். சுத்திகரிப்பதற்கோ செலவு பிடிக்கும்.